டைரக்டரியில் கிடைத்த மாப்பிள்ளை

மர்ம உபகாரிகளுக்கு இந்தக் காலத்தில் பஞ்சமே கிடையாது. மாதத்துக்கு ஒருவராவது நம்மை டெலிபோனில் கூப்பிட்டு, நம் எண்ணுக்கு இருபத்தைந்து லட்சம் ரூபாய் பரிசு விழுந்திருப்பதாகத் தெரிவிக்கிறார். பதிலுக்கு அவர் கேட்பது மிகவும் சொற்பம். ஒரு சிறு கட்டணம். அத்துடன் சற்று முன் நமக்கு வந்த ஆறு இலக்க ரகசிய எண். அவ்வளவுதான்! பள்ளிக்கூட உபாத்தியாயர்களிடம் இந்தக் கனவான்களுக்குத் தனியான வாத்ஸல்யம் உண்டு என்று தோன்றுகிறது.

ஆனால் ஒன்றும் கேட்காமல், பெயரையும் சொல்லாமல், நன்மையைச் செய்துவிட்டு மறைந்து நிற்கும் உபகாரிகளைக் காணவேண்டுமென்றால் கதைகளுக்குத்தான் போகவேண்டும். அங்கே அவர்கள் ஏராளம். 1861-ல் எழுதி முடிக்கப்பட்ட டிக்கன்ஸின் நாவல் ஒன்றில், ஓர் ஏழைப் பையனைத் துரையாக்கிய புண்ணியவான் யார் என்று பார்த்தால், அவர் தப்பியோடிய கைதியாக இருக்கிறார். 1912-ல் ஜீன் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க மாது எழுதிய கதையில், அநாதைப் பெண் ஒருத்தியைக் கல்லூரியில் படிக்க வைக்கும் முகந்தெரியாத தர்மவானே கடைசியில் மணமகனாக வந்து நிற்கிறார்.

இந்த வரிசையில் நமக்கு மிகவும் பிடித்தமான கதை ஹங்கேரி தேசத்திலிருந்து வந்தது. பெரென்ட்ஸ் மோல்னார் என்ற நாடகாசிரியர் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். அவர் எழுதிய ‘நல்ல தேவதை’ என்னும் நாடகம் 1930-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஹெலன் ஹேய்ஸ் என்ற பிரபல நடிகை அதில் நடித்தார். 1935-ல் ஹாலிவுட்டில் அது பேசும் படமாயிற்று. பிரஸ்டன் ஸ்டர்ஜெஸ் என்பவர் படத்துக்குக் கதையை மாற்றி எழுத, வில்லியம் வைலர் டைரக்ட் செய்தார். சென்ற கோடை விடுமுறையில், வெளியில் தலை காட்ட முடியாத வெயிலில், வீட்டில் உட்கார்ந்தபடியே அந்தப் படத்தைப் பார்த்தோம்.

கதை இதுதான். லூயிஸா என்ற அநாதைப் பெண் ஆசிரமத்தை விட்டு வெளியே வந்து, புடாபெஸ்டில் ஒரு சினிமாக் கொட்டகையில் வருகிறவர்களுக்கு இடம் காட்டும் வேலையில் அமர்கிறாள். தினம் ஒரு நற்செயலாவது செய்யவேண்டும் என்பது ஆசிரமத்துத் தலைவியின் உபதேசம். உலகமோ நற்செயல் செய்யும் பெண்களை நிம்மதியாக விட்டுவைப்பதில்லை. கான்ராட் என்ற கோடீசுவரர் ஒரு விருந்தில் அவளைக் கண்டு மயங்கி, நகையும் நட்டும் தருவதாக ஆரம்பிக்கிறார். தப்பித்துக்கொள்வதற்காக அவள், “எனக்குக் கல்யாணமாகிவிட்டது” என்று ஒரு பொய்யை எடுத்து விடுகிறாள். கான்ராட் மசிகிற பேர்வழியா? “நல்லதாகப் போயிற்று, உன் புருஷனைப் பணக்காரனாக்கிவிடுகிறேன், அவன் பெயரைச் சொல்!” என்கிறார். இல்லாத புருஷனுக்குப் பெயர் ஏது? அவள் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, கண்ணில் பட்ட ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறாள். டாக்டர் மாக்ஸ் ஸ்போரம், வக்கீல்.

அந்த வக்கீல் பரம ஏழை, தாடிக்காரர், பரம யோக்கியர். யோக்கியதைக்கும் ஏழ்மைக்கும் இருந்த சம்பந்தம் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் கான்ராட் அவருடைய ஆபீஸுக்குள் நுழைந்து, தம்முடைய பெரிய கம்பெனிக்கு வக்கீலாக இருக்கவேண்டும் என்று சொல்லிக் கை நிறையப் பணத்தையும் கொடுக்கிறார். ஸ்போரம் திகைக்கிறார், பிறகு அவருடைய முகம் மலர்கிறது. ‘ஆகா! நேர்மைக்கும் ஒரு காலம் வந்துவிட்டதல்லவா?’ என்று பூரித்துப் போகிறார். பாவம், நேர்மைக்கு வந்த காலமல்ல அது. டைரக்டரி திறந்த பக்கத்துக்கு வந்த காலம்.

படத்தில் நம்முடைய உள்ளத்தைக் கவர்ந்த பாத்திரம் கதாநாயகியும் அல்ல, கோடீசுவரரும் அல்ல. ஒரு பென்சில் சீவும் யந்திரம்! திடீர்ப் பணம் வந்த ஸ்போரம், வெகு நாளாக மனத்தில் வைத்திருந்த ஆசையை நிறைவேற்றிக் கொள்கிறார். கைப்பிடியைச் சுற்றினால் பென்சிலைச் சீவித் தரும் யந்திரம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. அதை வாங்கி ஆபீஸில் பொருத்தி, குழந்தையைப் போல் ஆனந்தப்படுகிறார். மோட்டார் வண்டி பிறகு வருகிறது. தான் செய்த புண்ணியம் எப்படிப் பலித்தது என்று பார்க்க வரும் லூயிஸாவின் மனம், அந்த யந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற மனிதரிடம் போய்விடுகிறது. அவரை விலை போட்டு வாங்கிய கோடீசுவரரால் இதைச் சாதிக்க முடியவில்லை.

ஆசைகளைப் பற்றி நாம் அறிந்த ரகசியம் ஒன்று உண்டு. மனிதர்கள் வெளியில் சொல்லும் ஆசை வேறு. கையில் காசு வந்ததும் முதலில் வாங்கும் பொருள் வேறு. பள்ளியில் ஒரு முறை, ‘தேவதை வந்து ஒரே ஒரு வரம் தருவதானால்’ என்று கட்டுரை எழுதச் சொன்னோம். முதல் பத்தியில் எல்லாப் பிள்ளைகளும் உலக சமாதானத்தைக் கேட்டிருந்தார்கள். அது நமக்காக எழுதப்பட்ட பத்தி. கடைசிப் பத்திக்கு வந்தபோதுதான் உண்மை எட்டிப் பார்த்தது. ஒருவனுக்குத் திருகாணி தளராத காம்பஸ் வேண்டியிருந்தது. ஒரு சிறுமி, மாடிக் குழாயிலும் தண்ணீர் வரவேண்டும், பாட்டி குடம் தூக்கிக்கொண்டு படியேறக்கூடாது என்று எழுதியிருந்தாள். அந்தக் கட்டுரைகளுக்கு மார்க்குப் போட நமக்குக் கை வரவில்லை.

ஸ்டர்ஜெஸுக்கு இந்த விஷயம் எளிதில் விடவில்லை. 1937-ல் அவர் எழுதிய வேறொரு படத்தில், ஒரு பாங்கு முதலாளி கோபத்தில் மாடியிலிருந்து எறிந்த விலையுயர்ந்த ரோமக்கோட்டு, கீழே பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் ஏழைப் பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. கோட்டைப் பார்த்தவர்களெல்லாம் அவளைப் பெரிய இடத்துப் பெண் என்று நினைத்து உபசரிக்கிறார்கள். ஹோட்டல்காரர் ராஜ போகமான அறையைக் கொடுக்கிறார். 1940-ல் அவரே எழுதி டைரக்ட் செய்த படத்தில், ஒரு குமாஸ்தாவுக்குக் காப்பி விளம்பரப் போட்டியில் 25,000 டாலர் பரிசு கிடைத்ததாகச் சகாக்கள் பொய்த் தந்தி தயாரித்துவிடுகிறார்கள். நேற்று வரையில் அவனை ஏறெடுத்தும் பாராத முதலாளி, இன்று அவனுடைய யோசனைகளெல்லாம் அபாரம் என்று உத்தியோக உயர்வு கொடுக்கிறார். தந்தி பொய்யென்று தெரிந்ததும் அந்த யோசனைகளின் அபாரமும் போய்விடுகிறது! மனிதன் ஒருவனே, மூளையும் ஒன்றே. நடுவில் வந்து போனது ஒரு காகிதம். சிரித்துக்கொண்டே பார்க்கலாம்; பார்த்து முடித்த பிறகு சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. தமக்கு வந்த அதிர்ஷ்டத்தைத் தம் நேர்மைக்குக் கிடைத்த கூலி என்று ஸ்போரம் நம்புகிறாரே, அந்த நம்பிக்கையை உடைக்கலாமா, கூடாதா?

நமக்கே அந்தக் கேள்வி ஒரு முறை வந்தது. பள்ளிச் சம்பளம் கட்ட முடியாத மூன்று பிள்ளைகளுக்குத் தாம் கட்டிவிடுவதாகவும், தம் பெயரை வெளியிட வேண்டாமென்றும் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆபீஸ் குமாஸ்தா, பாக்கி வைத்திருந்தவர்களின் ஜாபிதாவில் அகர வரிசைப்படி முதல் மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று, நம் வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணின் பெயர். சில நாள் கழித்து அவள் நம்மிடம் வந்து, “எனக்குச் சம்பளம் கட்டினது யார், சார்? ஃபர்ஸ்ட் ராங்க் வாங்கினதுக்காகத்தானே கட்டினாங்க?” என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

‘ஆமாம்’ என்று சொல்வதற்கு ஒரு விநாடி போதும். இன்னும் நன்றாகப் படிப்பாள் என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வருஷம் அந்த உபகாரி வராமற் போனால்? தான் ஏதோ குறைந்துவிட்டதாக அல்லவா அந்தக் குழந்தை எண்ணும்? தானத்தைக் கூலி என்று நம்பவைத்தால், தானம் நிற்கும் நாளில் அதைத் தண்டனை என்று நம்பித்தானே ஆகவேண்டும்? ஆகையால் உள்ளதைச் சொன்னோம். “இல்லை அம்மா, உன் பெயர் ‘அ’வில் ஆரம்பிக்கிறது, அதனால் ஜாபிதாவில் முதலில் இருந்தது. உன் ராங்க் நீ சம்பாதித்தது. அதை யாரும் கொடுக்கவில்லை, யாரும் எடுக்கவும் முடியாது.”

அவள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “நாலாவது பேர் யாரோடது, சார்?” என்று கேட்டாள்.

அந்தப் பையனுக்குச் சம்பளம் அப்போது கட்டப்பட்டிருக்கவில்லை. அவள் கேட்ட பிறகே, ஆசிரியர் அறையில் இருந்த எங்களுக்கு அந்த நாலாவது பெயரின் மேல் கண் விழுந்தது. அந்த மாதக் கடைசிக்குள் பணம் கட்டியாயிற்று. கட்டியவர்கள் யார் என்பது இங்கே அவசியமில்லை.

படத்திலும் உண்மை வெளியே வந்துவிடுகிறது. கூச்சலும் குழப்பமும் நடந்து, எல்லாம் கல்யாணத்தில் முடிகிறது. யோசித்துப் பார்த்தால், உண்மை வெளிவந்ததால் ஸ்போரமுக்கு என்ன நஷ்டம்? டைரக்டரி திறப்பதற்கு முன்பும் அவர் நேர்மையாகத்தான் இருந்தார், அதுவும் கூலியில்லாமல். லூயிஸா மனம் கொடுத்தது அந்த மனிதருக்கு.

படத்துக்கு வெளியிலும் ஒரு கல்யாணம் நடந்தது. லூயிஸாவாக நடித்த மார்கரெட் ஸல்லவனுக்கும் டைரக்டர் வைலருக்கும் படப்பிடிப்பில் ஓயாத சண்டை. சண்டை முற்றிச் சமாதானமாகி, படம் முடிவதற்கு முன்பே, 1934 நவம்பரில், இருவரும் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார்கள்! 1936-ல் விவாகரத்தும் ஆகிவிட்டது. கல்யாணத்தோடு திரையை இறக்கிவிடும் சௌகரியம் கதை எழுதுகிறவர்களுக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் மறுநாள் காலையில் எழுந்து பால் வாங்கியாகவேண்டும்.

பால் என்றதும் ஞாபகம் வருகிறது. படம் பார்த்த அன்று இரவு நம் வீட்டு அம்மாளிடம், தேவதை வந்தால் அவள் என்ன வரம் கேட்பாள் என்று விசாரித்தோம். வைரத் தோடு, காசி யாத்திரை என்று ஏதாவது வரும் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டுதான் கேட்டோம். அவள் யோசிக்கவேயில்லை. “காலையில் எழுந்ததும் யாராவது ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கையில் கொடுத்தால் போதும், நான் கேட்காமல் கொடுக்க வேண்டும்” என்றாள். இருபது வருஷத்துப் பென்சில் சீவும் யந்திரம்!

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, அவள் எழுந்திருக்குமுன், கட்டிலருகே ஒரு டம்ளர் காப்பி ஆவி பறக்க இருந்தது. மர்ம உபகாரியைக் காணவில்லை. அவள் ஒரு வாய் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், இன்னொரு வாய் குடித்தாள். “நாளைக்குச் சர்க்கரை போடச் சொல்லுங்கள், தேவதையிடம்” என்றாள்.