சிவப்புக் கடிதம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்காரரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரர். 2013இல் ஒருநாள் தடித்த ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்து என் லேப்டாப் பக்கத்தில் வைத்தார். "தம்பி, நீங்கள் எஞ்சினியர்தானே. இந்தக் கணக்கை ஒருக்கால் பாருங்கோ."

கணக்கு சுலபம். 1989இல் 48,000 பவுண்ட் வீட்டுக் கடன், 25 வருஷம். மாதாமாதம் வங்கிக்குப் போனது வட்டி மட்டும். அசலில் ஒரு பென்னிகூடக் குறையாது. தனியாக 70 பவுண்ட் ஒரு எண்டோமென்ட் பாலிசிக்கு. காப்பீட்டு நிறுவனம் அதை முதலீடு செய்து வளர்த்து, கடைசியில் வரும் தொகையில் அசலை அடைத்துவிடும், மிச்சம் கைக்கும் வரும் என்பது பேச்சு. எண்பதுகளின் இறுதியில் பிரிட்டனில் வீடு வாங்கியவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் வாங்கினார்கள். அசலும் வட்டியுமாகக் கட்டும் சாதாரணக் கடனில் விற்பவருக்கு பாலிசி கமிஷன் கிடையாது. இதில் உண்டு. யார் எதைச் சிபாரிசு செய்திருப்பார்கள் என்று ஊகிக்க எஞ்சினியரிங் படிக்க வேண்டாம்.

அப்புறம் பணவீக்கம் இறங்கியது, பாலிசிகளின் வளர்ச்சியும் இறங்கியது. 2000 வாக்கிலிருந்து நிறுவனங்கள் எல்லாருக்கும் கடிதம் அனுப்பத் தொடங்கின. பச்சை என்றால் பாலிசி தேறும், மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் கடனை அடைக்கப் பணம் போதாமல் போக வாய்ப்பு அதிகம்.

அங்கிளுக்கு 2003இல் சிவப்பு வந்திருந்தது. பிரித்துப் படித்து, வந்த தேதியை மூலையில் எழுதி, கோத்து வைத்திருக்கிறார். முறையிட மூன்று வருஷம்தான் அவகாசம், கடைசித் தேதி இன்னது என்று சொல்லும் கடிதமும் அடுத்த பக்கத்தில் இருந்தது. 2006இல் ஒரு தேதி.

"ஏன் அங்கிள் அப்பவே எழுதல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பொலிசியை வித்தது எங்கட ஆள் தம்பி. ஊரில ரெண்டு வீடு தள்ளி. நான் வந்த புதுசில வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். அவரைக் காட்டிக் குடுக்கிறதோ?"

முறையீடு போவது நிறுவனத்துக்கு, பணம் தருவதும் நிறுவனம். இது அவருக்குத் தெரியவில்லை. அதே ஆளிடம் பாலிசி எடுத்த அங்கிளின் நண்பர் 2005இல் எழுதிப்போட்டு ஏறக்குறைய 6,000 பவுண்ட் வாங்கினார். அந்த ஏஜென்ட் இன்றும் அவர் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார், முன்வரிசையில் உட்காருகிறார்.

அந்த 6,000 எப்படி வந்தது என்று பார்த்தேன். வாக்குக் கொடுத்த தொகைக்கும் வரப்போகும் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் நஷ்டஈடு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. வாக்கு கணக்கிலேயே வராது. ஆரம்பத்திலிருந்தே சாதாரணக் கடன் எடுத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு அசல் அடைந்திருக்கும்? பாலிசியை இன்று சரண்டர் செய்தால் என்ன கிடைக்கும்? அந்த இடைவெளியும், மாதத் தவணையில் கூடக் குறையக் கட்டியதும்தான் கணக்கு. சந்தை விழுந்தது என்பதும் காரணமாகாது. ஆபத்து இருக்கிறது என்று விற்கும்போது சொல்லவில்லை என்று காட்ட வேண்டும். அங்கிளிடம் அது இருந்தது. "கட்டாயம் அடையும் எண்டு சொன்னவர். சத்தியம் பண்ணாத குறை."

எழுதினோம். ஏஜென்ட் பெயரைக் குறிப்பிடும் வரியை மூன்று தடவை அழிக்கச் சொன்னார். கடைசியில் "உங்கள் பிரதிநிதி" என்று போட்டோம். நிறுவனம் காலம் கடந்துவிட்டது என்றது. நிதி ஓம்பட்ஸ்மனுக்குப் போனோம். விதிவிலக்கான காரணம் இருந்தால் காலம் கடந்தும் எடுத்துக்கொள்வார்கள். ஊர்க்காரருக்கு விசுவாசம் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அவர்கள் பதில் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால், பாலிசி தவறாக விற்கப்பட்டதா என்ற கேள்விக்கே அவர்கள் போகவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

2014இல் பாலிசி முதிர்ந்து 31,000 வந்தது. மிச்சம் 17,000. வங்கி இன்னும் ஆறு வருஷம் அவகாசம் கொடுத்தது. அங்கிள் 61 வயதில், பழைய பெட்ரோல் ஸ்டேஷனில் வெள்ளி, சனி இரவு வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிள்ளைகளிடம், வீட்டில் இருந்தால் நித்திரை வருகுதில்லை என்று சொல்லியிருந்தார்.