ஒரு முள்ளெலியை நம்பியிருந்த கடல்

நூற்றுக்கு 52. இது 1977-ல் எடுத்த கணக்கு. ஜமைக்கா தீவைச் சுற்றியுள்ள பாறைத் திட்டுகளில் பாதிக்கும் மேல் உயிருள்ள பவளம் போர்த்தியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் மறுபடி எண்ணியபோது அது வெறும் 3 ஆகிவிட்டது. நூற்றுக்கு 4 பங்கு இருந்த பாசி 92 ஆகப் பெருகியிருந்தது. ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போவதற்குள் ஒரு கடலே நிறம் மாறிவிட்டது.

இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அங்கே பல ஆண்டுகளாக விடாமல் எண்ணிக்கொண்டிருந்தவர்கள். 1950-களிலேயே தாமஸ் கோரோ என்ற ஆய்வாளர் ஜமைக்காவின் வடகரையில் மூழ்கி, எந்த ஆழத்தில் எந்தப் பவளம் வளர்கிறது என்று குறித்துவைத்தார். 1960-களில் டிஸ்கவரி பே என்ற ஊரில் ஒரு கடல் ஆய்வுக்கூடம் வந்தது. பிறகு டெர்ரி ஹியூஸ் போன்றவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

வேலை கேட்க எளிமையானதுதான். கடலடியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் படமெடுத்து, எத்தனை பங்கு பவளம், எத்தனை பங்கு பாசி என்று எண்ண வேண்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போய் அதையே செய்ய வேண்டும். அதற்கடுத்த ஆண்டும்.

1970-களில் அங்கே மூழ்கியவர்களுக்குக் குறையொன்றும் தெரிந்திருக்காது. மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளங்கள் அடர்ந்து நின்றன. பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம்விடும் கிளிமீன் போன்ற மீன்கள்தான் குறைந்துபோயிருந்தன. கம்பிவலைக் கூடுகளை இறக்கி, தலைமுறைகளாக அவற்றைப் பிடித்துவிட்டார்கள். ஆனாலும் பாசி பெருகவில்லை. நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட கடல் முள்ளெலிகள் அந்த மேய்ச்சல் வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டன.

ஒரே ஆளின் சம்பாத்தியத்தில் ஓடும் குடும்பம் போலத்தான் அது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் நேரத்துக்குப் போய்ச் சேரும்வரை வெளியே எதுவும் தெரியாது.

1980-ல் ஆலன் புயல் வந்து கிளைப் பவளங்களை நொறுக்கியது. அது பேரிழப்புதான். ஆனாலும் உடைந்த இடங்களில் இளம் பவளங்கள் முளைக்கத் தொடங்கின. புயலைத் தாங்கி எழுவது பவளத்துக்குப் புதிதல்ல. அது எழமுடியாமல் போனது 1983-ல். அந்த ஆண்டு கரீபியன் கடல் முழுவதும் பரவிய ஒரு நோயில் கறுப்பு முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஜமைக்காவில் மிஞ்சியவை நூற்றில் ஒன்றோ இரண்டோதான். அவற்றின் இடத்தில் மேய மீன்களும் இல்லை. சில ஆண்டுகளில் பாசி எல்லாவற்றையும் மூடியது. 1988-ல் கில்பர்ட் புயலும் வந்துபோனது.

பழைய கணக்கு கையில் இல்லாதிருந்தால், புயல்தான் எல்லாவற்றையும் அழித்தது என்று பழியை அதன்மேல் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணியதால்தான், மீன்கள் குறைந்த நாளிலிருந்தே அந்தக் கடல் ஒற்றைக்காலில் நின்றது என்று புரிந்தது.

அந்தக் கணக்கு நல்ல செய்தியும் சொன்னது. டிஸ்கவரி பேக்கு அருகே டெய்ரி புல் என்ற திட்டுக்கு முள்ளெலிகள் திரும்பிவந்தன. பாசி குறைந்தது. 2004-ல் அங்கே பவளம் மறுபடி பாதியளவைத் தாண்டியது. ஆனால் அடுத்த ஆண்டே கரீபியன் கடல் அளவுக்கு மீறிச் சூடாகி, பவளங்கள் வெளுத்தன.

அதனால் இன்று அந்தக் கடலில் இறங்குகிறவர்கள் பவளத்தை மட்டும் எண்ணுவதில்லை. கிளிமீன் எத்தனை, முள்ளெலி எத்தனை என்றும் சேர்த்தே குறித்துக்கொண்டு மேலே வருகிறார்கள்.