குடியும் குடித்தனமும்

நான் ஒரு குடிகாரரின் பேரன். இதை அச்சில் ஒப்புக்கொள்வதற்குள் எனக்கு எழுபது வயதாகிவிட்டது.

என் நினைவில் இருக்கும் தாத்தா குடிகாரர் அல்ல. மொரப்பூருக்கு அருகே, எங்கள் சரிவான கொல்லையில், கல்லின்மேல் கல் வைத்துக்கொண்டிருந்த சாதுவான கிழவர் அவர். அதற்கு முந்திய தாத்தாவை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவள் ஆயா. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஈச்சங்கள்ளு வாடை வந்துட்டா உங்க தாத்தா காலு ஊட்டுப் பக்கம் திரும்பாது கண்ணு" என்பாள். முதலில் அவள் காதுத் தோடு போயிற்று. பிறகு ஆடுகள் போயின. கொல்லையின் கல்வரப்புகள் ஒவ்வொரு மழைக்கும் ஓரோர் இடத்தில் சரிந்தன. எடுத்து வைக்க ஆளில்லை. வரப்பு சரிந்தால் மண் ஓடைக்குப் போய்விடும். மண் போனால் கேழ்வரகு எங்கே விளையும்? பாறைதான் மிச்சம்.

அப்போதுதான் 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி வந்தது. சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த ராஜாஜி, தம் சொந்த ஜில்லாவான சேலத்தில் அன்று மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1965-ல்தானே? ஆகவே அன்று மொரப்பூரும் சேலத்தைச் சேர்ந்ததே. ராஜாஜிக்கு இது திடீரென்று தோன்றிய யோசனை அல்ல. 1929-லேயே திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து, கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தியவர் அவர். கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்பத்தான் 1939-ல் விற்பனை வரி பிறந்தது.

கடை சாத்தியதும் தாத்தா உத்தமராகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாதம் பேய் பிடித்தவர் போல் அலைந்தாராம். திருட்டுத்தனமாகக் கிடைக்கும் இடங்களும் அவருக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் சாயங்காலம் என்று ஒன்று தினமும் வந்துவிடுகிறதே, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? போக்கிடம் இல்லாமல் கொல்லைக்குப் போனார். காலில் இடறிய கல்லை எடுத்து வரப்பில் வைத்தார். மறுநாள் இன்னொன்று. அப்படியே இருபது வருஷம் வைத்தார்.

படிப்புக்காக நான் சென்னைக்குப் புறப்பட்டபோது, மொரப்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கருமத்தைத் தொடமாட்டேன்னு சொல்லு கண்ணு" என்றாள். சொன்னேன். சொன்னபடி இன்றுவரை இருந்தும் வருகிறேன்.

இப்படிப்பட்ட மனிதனைத்தான் என் மகள் ஒயின் தயாரிக்கும் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

அவள் ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரில் வேலை பார்க்கிறாள். ஜெனீவா ஏரியின் வடகரையில், லோசானுக்குக் கிழக்கே, சுமார் முப்பது கிலோமீட்டருக்கு நீளும் சரிவுக்கு லவோ என்று பெயர். ஓர் அக்டோபர் மாதத்தில் நாங்கள் ரிவா என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். ஒரு பக்கம் ஏரி. மறு பக்கம் நேரே மேலே ஏறும் மலைச்சரிவு. அந்தச் சரிவு முழுவதும் படிப்படியாகக் கல் சுவர்கள். ஒவ்வொரு படியிலும் நாலைந்து வரிசை திராட்சைக் கொடிகள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை தலைக்குமேல் பந்தலில் தொங்கும். அங்கே இடுப்பளவுக் கொடியாக நிற்கிறது.

பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் மடத்துத் துறவிகள் கட்டத் தொடங்கிய சுவர்கள் அவை. எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் நானூறு கிலோமீட்டர் வருமாம். சென்னையிலிருந்து மொரப்பூர் வரை உள்ள ரயில் பாதையைவிட அதிகம்! 2007-ல் யுனெஸ்கோ அந்தச் சரிவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே மூன்று சூரியன்கள் என்று சொல்வது வழக்கம். வானத்தில் ஒன்று, ஏரி நீரில் பட்டு எதிரொளிப்பது ஒன்று, பகலெல்லாம் சுவர் வாங்கி வைத்திருந்து இரவில் கொடிக்குக் கொடுக்கும் சூடு மூன்றாவது.

தோட்டக்காரர் என்னைவிட மூத்தவர். பல தலைமுறைகளாக அந்தச் சரிவே அந்தக் குடும்பத்தின் சோறு. அவர் பிரெஞ்சில் பேச, மகள் தமிழில் சொன்னாள். சஸ்லா என்ற பச்சைத் திராட்சையைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செங்குத்தில் பெரிய இயந்திரம் ஏறாது. கையால்தான் பறிக்க வேண்டும். பழப் பெட்டிகளை இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கர வண்டி ஒன்று ஊர்கிறது. முன்காலத்தில் எல்லாம் முதுகுச் சுமைதான்.

நிலவறைக்கு அழைத்துப் போனார். சிவப்பு ஒயினுக்குப் பழத்தைத் தோலோடு புளிக்க விடுவார்கள். வெள்ளை ஒயினுக்கு வந்தவுடன் பிழிந்து, தோலையும் விதையையும் தள்ளிவிட்டு, சாற்றை மட்டும் குளிர்ந்த இடத்தில் புளிக்க வைப்பார்கள். அந்த நாட்டு ஒயினில் வெளியே போவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான்; மற்றதை அவர்களே குடித்துவிடுகிறார்கள்.

சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி நீட்டினார். மொரப்பூர் பிளாட்பாரம் என் கண்முன் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். தாத்தா, ஆயாவின் தோடு, 1937 எல்லாவற்றையும் சொன்னேன். மகளும் அன்றுதான் அதை முழுவதும் கேட்டாள். மொழிபெயர்க்கும்போது அவள் குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது.

கிழவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இங்கே மட்டும் என்ன?" என்றார். "1905-ல் இதே வோ மாகாணத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடிவெறியில் பெண்டாட்டியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்தது ஏராளமான ஒயின். கூட அப்சிந்த் என்ற சாராயம் இரண்டு தம்ளர். பழி முழுவதும் அப்சிந்த் தலையில் விழுந்தது. 1908-ல் ஜனங்கள் வோட்டுப் போட்டார்கள், 1910-லிருந்து தடை. அது நீங்கியது 2005-ல். ஒயினை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? எல்லோர் வீட்டிலும் அதுதானே சோறு போட்டது!"

பிறகு வெளியே அழைத்துப் போய் மேலே ஓர் இடத்தைக் காட்டினார். மற்றச் சுவர்கள் கறுத்துப் பாசியேறி இருந்தன. அந்த ஒன்று மட்டும் வெளுப்பாக, சிமெண்டுப் பூச்சோடு இருந்தது.

"அது என் சித்தப்பா பங்கு. சொந்தச் சரக்கைத் தானே குடித்தார். சுவர் விழுந்தது, அவர் எடுத்து வைக்கவில்லை. என் அப்பாதான் பிறகு கட்டினார். ஒயின் ஒரு வருஷத்துச் சமாசாரம் ஐயா. வித்துவிடுவோம், தீர்ந்துவிடும். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது சுவர்தான்."

குளிர்காலத்தில், மழை கீழே தள்ளிய மண்ணைக் கூடையில் அள்ளி மறுபடியும் மேல்படிக்குச் சுமந்து போவார்களாம். போன மண்ணை ஓடையோடு விட்டுவிட்ட குடும்பத்தான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"உங்கள் தாத்தா கட்டிய சுவரை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார்.

மகள் மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். கொல்லை குத்தகையில் இருந்தது. சுவர் பாதிக்குமேல் சரிந்துவிட்டது. மனைக்கட்டுப் போடுகிறவர் ஒருவருக்கு விற்றுவிடலாம் என்று தம்பியும் நானும் பேசி முடித்திருந்தோம்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பிழியும் இடத்துக்குப் போய், அப்போதுதான் வடிந்த சாற்றை ஒரு தம்ளர் பிடித்துவந்தார். இன்னும் புளிக்காத சாறு. கலங்கலாய், கரும்புச் சாறு போல் தித்தித்தது. ஆயா பார்த்திருந்தாலும் ஆட்சேபித்திருக்க மாட்டாள்.

அன்றிரவே தம்பிக்கு டெலிபோன் செய்தேன். "அண்ணா, சுவர் கட்டுகிற செலவுக்கு இன்னொரு கொல்லையே வாங்கலாம்" என்றான். கணக்கு சரிதான். ஆனாலும் என் பங்கை விற்பதில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் அவன் என்னுடன் பேசவில்லை.

தை பிறந்ததும் மொரப்பூருக்குப் போனேன். 1971-ல் சேலம் உள்படத் தமிழ்நாடு முழுவதும் மதுவிலக்கு தளர்ந்து, 1974-ல் திரும்பி, 1981-ல் மறுபடி நீங்கி, 2003-லிருந்து அரசாங்கமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. ஆயாவின் காலத்தில் சாத்திய கதவு இது. அதைப் பற்றி எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கல் சுவர் ஒன்றுதான். அதுவும் சரியாகத் தெரியாது என்று முதல் நாளே விளங்கிவிட்டது. நான் வைத்த கற்கள் மத்தியானத்துக்குள் உருண்டன.

"அடிக்கல்லு பெருசாப் போடணும் சார். உங்க தாத்தா போட்டதப் பாருங்க, அசையல" என்றான் கூலிக்கு வந்த ஆள். நல்ல வேலைக்காரன். சாயங்காலத்துக்குள் ஐந்தாறு முழம் எழுப்பிவிட்டான்.

பொழுது சாயும்போது அவன் மனைவி சரிவேறி வந்தாள். அவன் பக்கம் திரும்பாமல் என்னிடம் கை நீட்டினாள்.

"கூலிய எங்கையில குடுங்க சாமி."

நான் அவனைப் பார்த்தேன். அவன் மண்ணைப் பார்த்தான். கடப்பாரையை ஒருமுறை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அதுங்கிட்டயே குடுத்துருங்க" என்றான்.

கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் இறங்கினாள். அவன் பின்னால் போனான். ஓடையோரம் பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் இருட்டிவிட்டது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வந்தார்கள்.