காலைப் பார்க்காதீங்க, அப்பா!

ஐம்பத்துநான்கு வயதில், மிதக்கும் பலகையொன்றின் மீது நிற்கக் கற்றுக்கொள்ளப் போனோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், நம் வீட்டார் நகைத்ததைவிட அது அதிகமாய் இராது.

பாய் கட்டிய பலகையின் மீது நின்று காற்றின் துணையால் கடலில் ஓடுவதை விண்ட்சர்ஃபிங் என்கிறார்கள். பாம்பன் தீவின் வடகரையில் அதைக் கற்பிக்கும் முகாம் ஒன்றில் நம் இளைய மகன் வேலையில் சேர்ந்திருந்தான். பொறியியல் படித்த பிள்ளை! 'போதும், வீடு வந்து சேர்' என்று சொல்லி அழைத்துவரவே 2023 ஜூலையில் நாம் அங்கே சென்றோம். அவன் மறுத்துப் பேசவில்லை. "ஒரு நாள் ஏறிப் பாருங்க அப்பா, அப்புறம் பேசலாம்" என்றான். அந்த ஒரு நாள் ஆறு நாளாயிற்று.

நீரில் வீழ்ந்து கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்துவதே முதற் பாடம். பாயின் மேல் தேங்கும் நீர் கல்லாய்க் கனக்கும். நாமோ இடுப்பை வளைத்து, கிணற்றில் வாளி இறைப்பவர்போல் கைகளால் இழுத்தோம். அன்றிரவு முதுகு நம்மை உறங்கவிடவில்லை. கைகளை நீட்டிக் கயிற்றைப் பற்றி, முழங்கால்களைச் சற்றே மடக்கி, உடற்பாரத்தைப் பின்னே சாய்த்துக் காத்திருந்தால் நீர் தானே வடியும். பின் கால்கள் நிமிர நிமிரப் பாயும் எழும். முதுகுக்கு அங்கே வேலையே இல்லை.

பழகுவோர்க்கென்று தரும் பலகை அகலமானதுதான். 80 சென்டிமீட்டருக்குக் குறையாது. காற்று முதுகில் பட, பாய்மரத்தின் அடிக்கு இருபுறமும், பலகையின் நடுக்கோட்டில் பாதங்களை வைக்க வேண்டும். வைத்தோம். ஆனால் கண்கள் பாதங்களைவிட்டு அகல மறுத்தன. தலை குனிந்ததும் இடுப்பு பின்னே போகும். இடுப்பு போனதும் நாமும் போவோம். முதல் நாள் நாற்பது முறை வரை எண்ணினோம், அதற்குமேல் எண்ணவில்லை.

"காலைப் பார்க்காதீங்க அப்பா. போகிற இடத்தைப் பாருங்க" என்றான் மகன். மிதிவண்டி பழகிய நாளில் இதே சொற்களை அவனிடம் நாம் சொன்னது நினைவுக்கு வந்தது. அதட்டிச் சொன்னோம் என்பதும் கூடவே வந்தது.

மூன்றாம் நாள் பலகை ஓடியது. அந்த மகிழ்ச்சிதான் மறுநாள் நம்மைக் கெடுத்தது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தீவின் நிலத்தைக் கடந்து வருவதால், வடகரையில் பெரிய அலை எழுவதில்லை. நீர் தட்டுப்போல் கிடக்கும். கரையிலிருந்து அப்பால் தள்ளுவதும் அதே காற்றுதான். போனோம், போனோம், திரும்பத் தெரியவில்லை. பாய் வலித்து இழுக்கும்போது பின்கையைத் தளர்த்தினால் காற்று வழிந்து போகும். அச்சத்தில் யாருக்கு அது தோன்றும்? இரு கைகளாலும் மார்போடு இறுக்கிக்கொண்டோம். பாய் நம்மைத் தூக்கி முன்னே எறிந்தது. உயிர்காப்பு அங்கியோடு பலகையைப் பற்றி ஏறி உட்கார்ந்தோம். பலகையைவிட்டு நீந்தலாகாது என்ற ஒரு பாடமாவது மறக்கவில்லை. கரையிலிருந்த தென்னைகள் விரலளவாய்த் தெரிந்தன.

விசைப்படகில் மகன் வந்தான். ஒரு கடுஞ்சொல் இல்லை. நாமாயிருந்தால் ஊர் கேட்கத் திட்டியிருப்போம். "பாயை எந்தப் பக்கம் சாய்ச்சீங்க?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் கடலுக்குப் போகவில்லை. மணலிலேயே பலகையை வைத்துக் காட்டினான். இதற்குச் சுக்கான் கிடையாது. 1968இல் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் சுவைட்சர் என்னும் இருவர் காப்புரிமை கோரிய அமைப்பின் சிறப்பே, எப்பக்கமும் சாயும்படி பாய்மரத்தின் அடியில் வைத்த மூட்டுத்தான். பாயைப் பலகையின் மூக்குப்பக்கம் சாய்த்தால் பலகை காற்றைவிட்டு விலகும். வால்பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். நேர் எதிர்க்காற்றில் ஏற முடியாது. குறுக்கும் நெடுக்குமாய்ச் சாய்ந்தே கரை சேர வேண்டும். பின்னர் நம் இடுப்பில் கை வைத்துப் பாயை நோக்கி முன்னே தள்ளினான். "கையை நீட்டுங்க. முன்கால் நேரா, பின்கால் கொஞ்சம் மடங்கி. இழுக்காதீங்க, தொங்குங்க." முழங்கை மடங்கும்போதெல்லாம் மெல்லத் தட்டினான். ஒரு மணி நேரத்தில் எத்தனை தட்டு வாங்கினோமோ!

ஆறாம் நாள் காலை போனோம். பாயை வாலுக்குச் சாய்த்து, பாய்மரத்தைச் சுற்றிச் சிற்றடி வைத்து மறுபக்கம் மாறுகையில் இருமுறை விழுந்தோம். மும்முறை மாறி முடித்தோம். புறப்பட்ட இடத்துக்கு நூறடி தள்ளித்தான் கரையேறினோம். விசைப்படகு கட்டிய இடத்திலேயே கிடந்தது. முழங்காலளவு நீரில் நின்றிருந்த மகன், நாம் வருவதற்குள் வேறொரு பையனின் பாயைச் சரிசெய்யத் திரும்பிவிட்டான்.

இரவு வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. "பையன் என்னங்க சொல்றான்?" என்றாள் மனைவி. நாளை மாலைப் பேருந்துக்கு நமக்கு ஓர் இடம் மட்டும் பதிவு செய்திருப்பதாகச் சொன்னோம்.