ஆடட்டும் உடு

அப்பாவின் தேக்கு மேசை ஒரு மாசி மாத இரவில் வெடித்தது. பட்டென்று ஒரே சத்தம். ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மேல்பலகையில் நீளவாக்கில் ஒரு பிளவு, தீக்குச்சி நுழையும் அளவுக்கு.

பொள்ளாச்சி வீட்டில் அதில்தான் அப்பா தேங்காய்க் கணக்கு எழுதுவார். வெயில் காலத்தில் பலகை லேசாக ஆடும். வீட்டுப்பாடம் எழுத முடியவில்லை என்று நான் சிணுங்கினால், "ஆடட்டும் உடு" என்பார். ஒழுகும் குழாய்க்கும் அதே பதில்தான். எதையும் சரிசெய்யாத மனிதர் என்று அவரைப் பற்றி ஒரு தீர்ப்பு வைத்திருந்தேன்.

அவர் போன பிறகு மேசை என்னோடு சென்னைக்கு வந்தது. ஒரு ஐப்பசி மழை நாளில் அதைக் கவிழ்த்து, அடியில் துருத்திக்கொண்டிருந்த சின்னச் சின்னக் கட்டைகளைக் கழற்றி எறிந்தேன். சுற்றிலும் சட்டத்தில் வெள்ளைப் பசை தடவி, திருகாணி போட்டு முறுக்கினேன். ஆட்டம் நின்றது. அவர் முப்பது வருஷம் செய்யாததை ஒரு மணி நேரத்தில் முடித்த பெருமை. கொஞ்சம் பழிவாங்கலும்தான்.

அடுத்த வருஷம் கோவைக்கு மாறினோம். பிறகுதான் அந்த மாசி.

சுந்தராபுரத்திலிருந்து வந்த வயதான ஆசாரி பிளவை விரலால் தடவிப் பார்த்தார்.

"பசை உடுல கண்ணு. மரந்தான் உட்டிருக்குது."

உண்மைதான். நான் ஒட்டிய இடம் இறுகிக் கிடந்தது.

"இங்கெ கட்டைக இருந்திருக்கோணுமே, எங்கெ?"

"தூக்கிப் போட்டுட்டேனுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத் திட்டியிருக்கலாம்.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரம் குடித்து விரியும், காய்ந்து சுருங்கும். சென்னை மழைக்காலத்தில் பலகையின் ஈரம் 15 சதவீதத்தை ஒட்டி ஏறும். கோவையின் மாசிக் காற்றில் 10 வரை இறங்கும். 60 செ.மீ. அகலத் தேக்குப் பலகைக்கு, அறுத்த விதத்தைப் பொறுத்து, இது 3 முதல் 5 மி.மீ. சுருக்கம். குறுக்குச் சட்டமோ அந்தத் திசையில் சுருங்காது. பழைய ஆசாரி அதனால்தான் பலகையைச் சட்டத்தோடு ஒட்டவே இல்லை. சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, பலகையில் திருகிய கட்டைகளின் மூக்கு அதற்குள் நகர விட்டிருந்தார். பலகையோடு பலகை ஒட்டிய பழைய இணைப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை ஒரே திசையில் சேர்ந்து சுருங்குபவை.

கால்களைக் கழற்ற வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் கழுந்து இளகி வெளியே வந்தது. உள்ளே பழுப்பாக வஜ்ஜிரம், மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கிற பசை. ஈரத்தில் தளரும், பூஞ்சை பிடிக்கும். ஆனால் திறந்து பழுது பார்க்கலாம். வயலின் செய்பவர்கள் இன்னும் அதை விடாததற்கு அதுவும் ஒரு காரணம். 1959இல் ஃபெவிகால் வந்தது. காய்ச்சவே வேண்டாத அந்த வெள்ளைப் பசைக்கு முன்னால் வஜ்ஜிரச் சட்டி பட்டறைகளிலிருந்து மெல்ல மறைந்தது. வெள்ளைப் பசையும் நீண்ட ஈரத்தில் தளரும்தான். ஆனால் நான் போட்ட பசை வெந்நீர்த் துணிக்கு மசியவில்லை. ரம்பம் வைத்து அறுத்தே பிரித்தார். அப்பாவின் மேசை அறுபடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

புதிதாக எட்டுக் கட்டைகள் செய்து போட்டார். காடிக்குள் கொஞ்சம் இடம் விட்டு.

"வெயில்ல லேசா ஆடும் கண்ணு. முறுக்கிப்போடாதெ."

அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா, வெறும் சோம்பலா, இனிக் கேட்க வழியில்லை. குழாய் விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு இன்னும் சண்டைதான்.