நான் பொய்யாய் நிரப்பிய கட்டங்கள்

ஜப்பானியர்களின் இணையப் பழக்கங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளை நம்பிப் படித்தவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கட்டுரைகளில் நான் அடுக்கிய சதவீதங்கள் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். டோக்கியோவில் மென்பொருள் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சதவீதங்களைத் தரும் கருத்துக்கணிப்புகளுக்குப் பதில் சொன்னவர்களில் நானும் ஒருவன். பல கேள்விகளைப் படிக்காமலே பதில் சொன்னேன். படித்துப் புரிந்துகொண்ட சில கேள்விகளுக்குப் பொய் சொன்னேன். பிறகு ஊர் திரும்பி, அதே வகைக் கணிப்புகளைக் காட்டி, ஜப்பானியர் இன்ன மாதிரியானவர்கள் என்று தீர்ப்பு எழுதினேன்.

முதலில் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன்.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்கில் 9.0 அளவுக்குப் பூமி அதிர்ந்தது. அதே நாளில் டோக்கியோ வளைகுடாவை ஒட்டிய சிபா மாகாணத்தின் இச்சிஹாராவில், ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் எரிவாயுத் தொட்டிகள் தீப்பிடித்தன. வானளாவிய நெருப்பைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். உடனே ஒரு செய்தி மின்னஞ்சலிலும் ட்விட்டரிலும் பரவத் தொடங்கியது. ஆலையிலிருந்து கிளம்பிய நச்சுப்பொருள் மேகத்தோடு கலந்து மழையாகப் பெய்யும், குடையோ மழைக்கோட்டோ இல்லாமல் வெளியே போகாதீர்கள், மழை உடம்பில் படக்கூடாது, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்றது அது. எனக்கும் வந்தது. அப்போது நான் டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் குடியிருந்தேன். எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் ஜப்பானிய மொழி சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். நம்பகமான இடத்திலிருந்து கிடைத்தது என்று ஒரு வரியை நானாகவே சேர்த்தேன். அந்த வரி முழுப் பொய். எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்கவே இல்லை.

மறுநாளே ஆலை நிறுவனம் மறுப்பு வெளியிட்டது. எரிந்தது சமையல் வாயு வகையைச் சேர்ந்த எரிவாயு, அதனால் உடல்நலத்துக்குத் தீங்கு வர வாய்ப்பு மிகக் குறைவு என்றது. அதையும் படித்தேன். ஆனால் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் முதல் செய்தியைப் பரப்பியவன் நான் என்பது எல்லோருக்கும் உறைக்கும். நிறைமாதமாக இருந்த ஒரு தோழி பல நாட்கள் பால்கனிக் கதவைக்கூடத் திறக்காமல் கிடந்ததாகப் பின்னால் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, நான் பதிவு செய்திருந்த கணிப்பு நிறுவனத்திடமிருந்து ஒரு கேள்விப்படிவம் வந்தது. நிலநடுக்கத்தின்போது உறுதிப்படுத்தாத தகவலைப் பிறருக்கு அனுப்பினீர்களா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. ‘இல்லை’ என்ற கட்டத்தை அழுத்தினேன். என்னை யாரும் பார்க்கவில்லை, என் பெயர் எங்கும் வரப்போவதில்லை, உண்மை சொன்னால் எந்தத் தண்டனையும் இல்லை. ஆனாலும் பொய் சொன்னேன். என்னைப் பற்றி நான் வைத்திருந்த நல்லெண்ணத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சொன்ன பதில்களும் பெரும்பாலும் நேர்மையானவை அல்ல. இத்தகைய கணிப்பு நிறுவனங்களிடம் ஏராளமானோர் பதிவு செய்துகொள்கிறார்கள். படிவம் நிரப்பினால் சில புள்ளிகள் சேரும். சேர்ந்த புள்ளிகளைப் பரிசுக் கூப்பனாகவோ பணமாகவோ மாற்றிக்கொள்ளலாம். ரயிலில் நின்றபடியே நிரப்புவேன். ‘முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்’ என்பதிலிருந்து ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக இருபது வாக்கியங்கள். நடுக்கட்டத்தையே மேலிருந்து கீழ்வரை அழுத்திக்கொண்டு போவேன். கவனத்தைச் சோதிக்க, ‘இந்த வரியில் இடமிருந்து இரண்டாவதை அழுத்தவும்’ என்று நடுவில் ஒரு வரி வைத்திருப்பார்கள். அதை மட்டும் கண்டுபிடித்துச் சரியாக அழுத்தப் பழகிக்கொண்டேன்.

1995இல் வெளியான ஓர் ஆய்வு, ஜப்பான், தைவான், அமெரிக்கா, கனடா நாடுகளின் பள்ளி மாணவர்களை ஒப்பிட்டது. ஜப்பானிலும் தைவானிலும் நடுக்கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் போக்கு கூடுதலாக இருந்தது. எதையும் அடித்துச் சொல்லத் தயங்கும் ஒரு மாணவி யோசித்து அழுத்திய நடுக்கட்டமும், அடுத்த நிலையத்தில் இறங்கும் அவசரத்தில் நான் அழுத்திய நடுக்கட்டமும் அட்டவணையில் ஒரே எண்ணாகத்தான் நிற்கும். அவருடைய தயக்கத்துக்குப் பொருள் உண்டு. என் பதிலுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆனால் அவற்றைப் பிரித்துப் பார்க்க அட்டவணையைப் படிப்பவருக்கு வழியில்லை.

இப்படிச் செய்தவன் நான் மட்டும் அல்ல என்பது பிறகு தெரிந்தது. சமூக உளவியலாளர்கள் மியுரா அசாகோவும் கொபாயாஷி தெட்சுரோவும் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இணையக் கணிப்பு நிறுவனங்களில் பதிவு செய்தவர்களுக்கு நீளமான ஒரு விளக்கத்தைக் கொடுத்து, கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் தராமல் அடுத்த பக்கத்துக்குப் போங்கள் என்று அதற்குள்ளேயே எழுதியிருந்தார்கள். படித்தவர் கடந்து போவார், படிக்காதவர் பதில் தருவார். ஒரு நிறுவனத்தில் பதிவு செய்தவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் படிக்காமல் பதில் தந்தார்கள். இன்னொன்றில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். கூட்டத்தில் நானும் ஒருவன் என்று சொல்லி இதில் ஆறுதல் தேடவில்லை. இந்த ஆய்வைப் படித்த பிறகும் என் கட்டுரைகளைத் திருத்தாமல் இருந்தேன். அதுதான் என் பெரிய குற்றம்.

சென்னைக்குத் திரும்பியதும் ஜப்பானைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எழுத எளிதாக ஒரு வழி கிடைத்தது. ஜப்பானின் உள்துறை மற்றும் தகவல் தொடர்பு அமைச்சகம் ஆண்டுதோறும் வெள்ளை அறிக்கை வெளியிடுகிறது. அதில் பிற நாடுகளோடு ஒப்பிட்ட கணிப்புகள் இருக்கும். 2014ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ட்விட்டரைப் பயன்படுத்திய ஜப்பானியரில் 75.1 சதவீதம் பேர் சொந்தப் பெயரை வெளியிடவில்லை. அமெரிக்காவில் அது 35.7 சதவீதம். இந்த எண்களை வைத்து, முகத்தை மறைத்து வாழும் மக்கள் என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும் என்பதை எழுதவில்லை.

ஃபேஸ்புக்கில் ஜப்பானியரில் பெரும்பாலோர் சொந்தப் பெயரில் இருப்பதாக அதே அறிக்கையே சொல்கிறது. எண் என் கண்ணில் பட்டது. என் தலைப்புக்கு ஒத்துவராததால் விட்டுவிட்டேன். பள்ளித் தோழரும் அலுவலகத்தாரும் இருக்கும் இடத்தில் சொந்தப் பெயரோடும், யார் வேண்டுமானாலும் படிக்கும் இடத்தில் புனைபெயரோடும் பேசுகிறவர்கள், இடமறிந்து நடந்துகொள்கிறார்கள் என்றுதான் சொல்ல முடியும். நான் அதை ஒரு நாட்டின் குணக்கேடாக மாற்றினேன்.

2018ஆம் ஆண்டு அறிக்கையை வைத்தும் இதையே செய்தேன். சமூக ஊடகத்தில் அறிமுகமாகிறவர்களில் பெரும்பாலோரை நம்பலாம் என்று சொன்ன ஜப்பானியர் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில்தான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அறுபதுக்கு மேல். ‘யாரையும் நம்பாத தேசம்’ என்று தலைப்பு வைத்தேன். அந்த ஆண்டு மறைந்த சமூக உளவியலாளர் யாமாகிஷி தொஷியோ, இந்தக் கேள்வியை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அமெரிக்கர்களைவிட ஜப்பானியர் அறிமுகமில்லாதவரைக் குறைவாக நம்புகிறார்கள் என்பதை 1994லேயே எழுதியவர். அவர் காரணத்தை மனத்தில் தேடவில்லை, வாழும் சூழலில் தேடினார். ஒரே நிறுவனத்தில், ஒரே அக்கம்பக்கத்தில், நெடுங்காலம் பழகியவர்களோடு வாழ்கிறவருக்கு அந்த உறவே பாதுகாப்பு. புதியவரை எடைபோட்டு நம்ப வேண்டிய தேவை அங்கே குறைவு. தேவையில்லாத இடத்தில் அந்தப் பழக்கம் வளர்வதில்லை. இதைப் பற்றி எழுதியிருந்தால் வாசகருக்கு ஏதாவது கிடைத்திருக்கும். யாமாகிஷியைப் படிக்க ஒரு வாரம் ஆகும், தலைப்பை எழுத ஒரு நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டேன்.

இணையத்தில் ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து வசைபாடுவது ஜப்பானில் பெரிய துயரம். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்ற மல்யுத்த வீராங்கனை கிமுரா ஹானா, வசைகளுக்கு ஆளாகி 2020 மே மாதம் தம் 22ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு 2022இல் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டுச் சிறை வரை உயர்த்தினார்கள். கிமுராவின் மறைவைப் பற்றி நான் எழுதியது, ஜப்பானியக் கூட்டு மனம் அவரைக் கொன்றுவிட்டது என்று. ஆனால் பொருளியலாளர்கள் தனாகா தாத்சுவோவும் யாமாகுச்சி ஷின்இச்சியும் ஏறத்தாழ 20,000 பேரிடம் கணிப்பு நடத்தி 2016இல் ஒரு நூலே வெளியிட்டிருந்தார்கள். கடந்த ஓராண்டில் இத்தகைய வசையில் பங்கெடுத்ததாகச் சொன்னவர்கள், இணையம் பயன்படுத்துவோரில் 0.5 சதவீதம் அளவே. சிலர் திரும்பத் திரும்ப எழுதுவதுதான் ஒரு நாடே எழுதுவதாகத் தோன்றுகிறது என்பது அந்த நூல் தரும் வெளிச்சம்.

அந்த 0.5 சதவீதமும் மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதுதான். பதில் சொன்னவர்களில் பொய்யாக ‘இல்லை’ என்று அழுத்திய என்னைப் போன்றவர்கள் எத்தனை பேரோ. உண்மை அளவு கூடுதலாக இருக்கலாம். அப்படியிருந்தாலும், வசைபாடாத கோடிக்கணக்கானவர்கள்மேல் பழி போட எனக்கு உரிமை கிடையாது.

கணிப்புகளே வீண் என்று நான் சொல்லவில்லை. புள்ளியியல் கணித ஆய்வு நிறுவனம் 1953 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஜப்பானியரின் எண்ணப்போக்கை அளந்து வருகிறது. மக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வீடு தேடிப் போய் நேரில் கேட்பது அதன் வழக்கம். ஒரே கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, எது மாறியது எது மாறவில்லை என்று காட்டும் உழைப்பு அது. அப்படிப்பட்ட உழைப்பின் மதிப்பைத்தான் என் போன்றவர்களின் பொய்க் கட்டங்கள் அரிக்கின்றன.

இதனால் வரும் கேடு வெறும் எண்களோடு நிற்பதும் இல்லை. ககாவா மாகாணத்தில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஓர் உள்ளூர்ச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் கணினி விளையாட்டில் செலவிடும் நேரத்துக்குப் பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறை நாளில் 90 நிமிடம் என்று வரையறை சொன்னது. தண்டனை ஏதும் இல்லை. முன்னதாகப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது 2,600க்கு மேற்பட்ட கருத்துகள் வந்தன, பெரும்பாலானவை ஆதரவு. பின்னர் அந்தத் தாள்கள் வெளிவந்தபோது, பல ஆதரவுக் கருத்துகள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக, எழுத்துப் பிழைகூட ஒன்றாக இருந்தன. பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடும் ஒரு சட்டத்துக்கு அவை மக்களின் குரலாகக் கணக்கில் வந்தன. இந்தச் செய்தியைப் படித்தபோது கோபம் வந்தது. கோபப்படும் தகுதி எனக்கு இல்லை என்பதும் உடனே புரிந்தது. யோசிக்காமல் நிரப்பிய தாளை மக்கள் கருத்து என்ற பெயரில் நானும்தானே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நிஷிகசாயில் என் செய்தியை நம்பியவர்களில் தொடர்பில் இருப்பவர்களுக்கெல்லாம் இப்போது உண்மையை எழுதிவிட்டேன். இந்த மறுப்பு அவர்களை 2011 மார்ச் 12 அன்றே அடைந்திருக்க வேண்டும்.

வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். ‘இத்தனை சதவீத ஜப்பானியர்’ என்று தொடங்கும் எதைப் படித்தாலும், யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், கேள்வியின் வாசகம் என்ன என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் அந்த எண்ணை அடுத்தவருக்குச் சொல்லாதீர்கள். உங்களிடம் ஒரு கேள்விப்படிவம் வந்தால் உண்மையைச் சொல்லுங்கள், மனமில்லாவிட்டால் மூடிவிடுங்கள். ஜப்பானியரின் இணைய வாழ்க்கை பற்றி என் பெயரில் வந்த பழைய கட்டுரைகளை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம். அவை நம்பத் தகுந்தவை அல்ல.