கரையில் பிடிக்க வேண்டியது

தங்கச்சிமடம்
ஏப்ரல் 3

அன்பு மகள் ஜெனிபாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. மல்லிப்பட்டினத்தில் நல்லபடியாக வேலையில் சேர்ந்து, வாடகைக்கு வீடும் பிடித்துவிட்டாய் என்று உங்கம்மா சொன்னார்கள். நம் குடும்பத்தில் கடலுக்குப் போனவர்கள் உண்டு, மீன் ஏலம் விட்டவர்கள் உண்டு. மீன்துறை சார் ஆய்வாளர் என்று கையெழுத்துப் போடுவது நீதான் முதல் ஆள். உன் அப்பா இருந்திருந்தால் துறையில் ஒரு படகு விடாமல் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

“சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கே சித்தப்பா, அப்புறம் ஏன் கடலில் ஒண்ணும் நடக்கலை?” என்று போனில் கேட்டாய். மீனவர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். உன் துறை அதிகாரிகளின் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சட்டம் தெளிவுதான். 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடிச் சட்டத்தையும் 2020-ல் திருத்திய விதிகளையும் நீ பரீட்சைக்கே நெட்டுருப் போட்டிருப்பாய். விசைப்படகு ஐந்து கடல் மைலுக்கு வெளியேதான் இழுவை மடி இறக்க வேண்டும். மடியின் கடைசிப் பைக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி. எஞ்சின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது. இரட்டைமடி, சுருக்குமடி இரண்டும் கூடாது. காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் கரை திரும்ப வேண்டும். இந்தக் கடைசி விதியை ராமேஸ்வரத்தில் யாரிடமாவது சொல்லிப் பார், சிரிப்பார்கள். இங்கே காலையில் டோக்கன் வாங்கிப் போகிற படகு மறுநாள் விடிந்துதான் வருகிறது. டோக்கன் கொடுக்கிறவருக்கும் அது தெரியும்.

ஐந்து கடல் மைல் கணக்கையும் பார். ராமேஸ்வரம் துறையிலிருந்து எல்லைக்கோடு ஏறத்தாழ பன்னிரண்டு கடல் மைல். ஐந்தைக் கழித்தால் மிச்சம் ஏழு. அதற்குள் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஒரே ராத்திரியில் மடி இழுக்க வேண்டும். உள்ளே வந்தால் நாட்டுப்படகுக்காரன் வலை போகும், வெளியே போனால் இலங்கைக் கடற்படை பிடிக்கும். சட்டம் எழுதியவர்கள் மொத்தக் கரைக்கும் ஒரே அளவுகோல் வைத்தார்கள். பாக் நீரிணையின் குறுக்களவை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இதே கரையில் ஒரு விதி மட்டும் பல பத்தாண்டாக நிற்கிறது. திங்கள், புதன், சனி விசைப்படகு. மற்ற நாள் நாட்டுப்படகு. வலை அறுபட்டு, அடிதடியாகி, ரத்தம் சிந்தி, கடைசியில் பேசி வைத்துக்கொண்ட கணக்கு இது. அது ஏன் நிற்கிறது? செவ்வாய்க்கிழமை ஒரு விசைப்படகு போனால் ஊருக்கே தெரிந்துவிடும். வலை பறிகொடுத்தவனுக்குப் படகின் நம்பர் தெரியும், படகு முதலாளியான சம்மாட்டி யார் என்று தெரியும், அவர் எந்தத் தெரு என்றும் தெரியும். சாயங்காலம் கூட்டம் போட்டு நஷ்ட ஈடு கேட்டுவிடுவான். ரோந்துப் படகே வேண்டாம்.

இதே மாதிரி பழவேற்காட்டில் பாடு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். ஏரியில் இறால் வலை கட்டுகிற இடங்களைத் தலைக்கட்டுக்காரர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருத்தனுக்கே நிலைக்காது. அதில் சேராதவனுக்கு இடமே இல்லை என்பது அதன் கெட்ட பக்கம். ஊர்க்கட்டுப்பாடு என்றாலே தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களிடம் எனக்கு அதைவிட மரியாதை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, தலைமுறையாகக் கடல்பாசி எடுத்தவர்கள் திடீரென்று அத்துமீறுகிறவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் சும்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும்தான் எடுப்போம், மீன் முட்டையிடும் காலத்தில் போகவே மாட்டோம் என்று தாங்களே கட்டு வைத்துக்கொண்டு, பிறகு வனத்துறையிடம் பேசினார்கள். முன்னே நின்ற லெட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள்.

பக்கத்தில் இருக்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற விதிதான் நிற்கிறது. ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். கடலில் போய் விதியைக் காப்பாற்ற முடியாது. அங்கே இருட்டு, அகலம், உன்னிடம் ஒரு ரோந்துப் படகு இருந்தால் பெரிது. கரையில் எல்லாமே உன் கண்முன் நிற்கிறது. படகு, எஞ்சின், வலை, ஐஸ், டீசல், ஏலம் எல்லாம் ஒரே துறைமுகத்தில்.

இன்னும் பன்னிரண்டு நாளில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2001-ல் ஆரம்பித்தபோது 45 நாள்தான், 2017-ல் கூட்டினார்கள். உன் ஆபீசில் அந்த இரண்டு மாதமும் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணத்துக்குப் பட்டியல் சரிபார்ப்பதிலேயே ஓடிவிடும். உண்மையில் வருஷத்தில் உனக்கு நல்ல வேட்டை அப்போதுதான். படகுகள் கரையேறி நிற்கும். எஞ்சின் திறந்து கிடக்கும். வலைகளை மரத்தடியில் விரித்துப் பொத்துவார்கள். துறை ஆய்வு என்று ஒருநாள் வைத்து, பதிவு எண் எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் உண்டு. நீ எஞ்சின் மேல் அடித்திருக்கிற தகட்டைப் படி. பதிவுப் புத்தகத்தில் ஒன்று, படகில் ஒன்று இருக்கும். மாற்றின எஞ்சினைக் கடலில் பார்த்தால் புகைதான் தெரியும், கரையில் பார்த்தால் தகடு தெரியும்.

வலையைக் கையால் தொட்டுப் பார். சாதாரண மடியில் கண்ணி வைர வடிவம். இழுக்கிற வேகத்தில் கயிற்றுப்பையைப் பிடித்து இழுத்த மாதிரி கண்கள் மூடிக்கொள்ளும், பெரிய கண்ணி போட்டாலும் குஞ்சு தப்புவது குறைவு. சதுரக் கண்ணி இழுத்தாலும் திறந்தே நிற்கும். விதியில் அந்தச் சொல் இருப்பதற்குக் காரணம் அதுதான். வெளியே நாற்பது மில்லிமீட்டர் பையைக் காட்டிவிட்டு உள்ளே பொடிக்கண்ணிப் பை ஒன்றைத் தைத்திருப்பார்கள். கையை உள்ளே விடாமல் தெரியாது.

நம்பிக்கை இல்லையென்றால் தடை தொடங்குமுன், சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் வந்ததும் சங்காயம் என்கிற கழிவு மீன் கொட்டுகிற இடத்துக்குப் போய் நில். விரல் நீளக் காரல், நகம் அளவு நண்டு, பெயர் சொல்ல முடியாத குஞ்சுகள், நடுவே ஒன்றிரண்டு கடல்குதிரை. எல்லாம் மணலில் காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகும். இறாலில் டீசல் காசு தேறாத நாளில் சங்காயத்தால்தான் படகு ஓடுகிறது என்று ஒரு சம்மாட்டி என்னிடம் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் அவர் கணக்கு தப்பில்லை. அந்தக் குஞ்சுக்கு விலை இருக்கும்வரை பொடிக்கண்ணி இருக்கும். கேரளத்தில் 2015 முதல் மீன் இனத்துக்கு இவ்வளவு நீளம் என்று குறைந்தபட்ச அளவு வைத்து, கரைக்கு வந்ததை அளக்கிறார்கள். மத்தி பத்து சென்டிமீட்டர். எனக்குப் பிடித்தது அந்த வழி.

உன் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் அபராதம் இல்லை, டீசல். வரி இல்லாத டீசல் விசைப்படகுக்கு வருஷத்துக்கு 19,000 லிட்டர் வரை கிடைக்கிறது. அதை ஒரு மாதம் நிறுத்தினால் எந்தச் சம்மாட்டியும் உன் ஆபீஸ் வாசலில் நிற்பார். ஆனால் ஒருத்தருக்கு நிறுத்தி அவர் மச்சானுக்கு விட்டால் அடுத்த நாளிலிருந்து உன் பேச்சு எடுபடாது. கட்சிக்காரர் போன் வரும். எழுதிக் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேள், பாதிப் பேர் வைத்துவிடுவார்கள்.

ஆழ்கடல் திட்டம் பற்றியும் கேட்டிருந்தாய். இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டுச் சூரை பிடிக்கிற படகு வாங்கு என்று 2017-ல் கொண்டுவந்தார்கள். 80 லட்சத்தில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநிலம், 20 வங்கிக்கடன், 10 நம் கைக்காசு. மூன்று வருஷத்தில் இரண்டாயிரம் படகு என்றார்கள், கட்டி இறக்கியது சொற்பம். காசு மட்டும் காரணம் இல்லை. ஒரு ராத்திரி போய் விடிந்து வீடு திரும்புகிறவனை வாரக்கணக்கில் கடலில் இரு என்றால், அவன் வேறு தொழிலுக்குப் போகிற மாதிரி. அப்படியும் இழுவை மடி குறைந்தே ஆக வேண்டும். 2017-லேயே இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் நினைத்தபடி கடலில் இறங்க முடியாமல் கிடந்தவர்கள் இப்போது வலை விரித்தால் நம் மடி அறுத்துக்கொண்டு போகிறது. நம் ஆட்கள் அங்கே சிறையில் இருக்கும்போது மேடையில் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. உனக்குச் சொல்கிறேன்.

மல்லிப்பட்டினம் வேறு மாதிரி ஊர். 2022-ல் அறிவித்த கடல்பசுக் காப்பகம் உன் வாசலிலேயே இருக்கிறது. ஆவுளியா வலையில் சிக்கினால் அறுத்து விடுகிறவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுக்கிறது. அந்த வலைக்காரர்களை முதலில் பழக்கம் பிடி. சம்மாட்டிகள் தாமாகவே வருவார்கள்.

நம் தச்சரிடம் தேக்கில் ஒரு கண்ணிக் கட்டை செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆப்பு மாதிரி இருக்கும், நாற்பது மில்லிமீட்டரில் ஒரு கோடு. கண்ணிக்குள் விட்டால் கோடு வரை இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆபீசில் கேட்டால் இரும்பில் ஒன்று இருக்கும், பூட்டின பீரோவில். 14-ஆம் தேதிக்குள் பட்டுக்கோட்டை பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன், கண்டக்டர் நம்பரைப் போனில் சொல்கிறேன். வாங்கிக்கொண்டு சொல்.

அன்புடன்,
சித்தப்பா